வேப்பங்குழையும் நிலைமரமும்

திருச்சுழி ரோட்டுச் செவக்காட்டில் நிற்கிற நம் வேப்ப மரங்களை விவரம் தெரிந்த நாளிலிருந்து பார்க்கிறீர்கள். தானாக முளைத்ததென்று நினைத்துவிடாதீர்கள். நிலைக்கும் கதவுக்கும் மரமாக விற்கலாமென்று நானும் உங்கள் அம்மாவும் கன்று வாங்கி வைத்தோம். நெருக்கி வைத்தால் வெளிச்சத்தைத் தேடி நேராகப் போகுமென்று நெருக்கியே வைத்தோம். கோடையில் கண்மாய்க்குள் தண்ணீர் தேங்கிக் கிடக்கிற கிடங்கிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றியவள் அம்மாதான்.

மரம் உயர்ந்தது, பருக்கவில்லை. அருப்புக்கோட்டை மரக்கடைக்காரர் வந்து பார்த்தார்.

"வளத்தி சரிதான். ஆனா எல்லாம் குச்சியா நிக்கிதே. பாதி மரத்த வெட்டிக் கழிச்சாத்தான் மீதி திரளும். கணு விழாமப் பாத்துக்கங்க. கணு விழுந்தா வெறகு வெலதான்."

பாதியைக் கழிப்பதென்று அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தள்ளிப்போட்டேன்.

அடுத்த கோடை மழையே இல்லை. பந்தல்குடிப் பக்கமிருந்து ஆடு ஓட்டி வருகிற பெண்ணை நீங்கள் அத்தை என்று கூப்பிடுவீர்களே, அவர் அந்த வருஷமும் நம் கடலைக்காட்டில் ராத்திரி ஆடுகளை அடைத்துக் கிடை போட்டார். ஆட்டுப்புழுக்கை நமக்கு, வரப்பு மரத்தில் இலையும் கொப்புமாக ஒடிக்கிற குழை அவர் ஆட்டுக்கு. அதுதான் வழக்கம். வரப்பு மரத்தில் குழை தீரவும், தொரட்டியும் அரிவாளுமாகத் தோப்புக்குள் வந்துவிட்டார். நான் போவதற்குள் ஒரு மரம் மொட்டை. வெட்டிய கிளை ஒவ்வொன்றிலும் சாண் நீளக் கட்டை நீட்டிக்கொண்டிருந்தது.

"ஏத்தா, கட்டைய எதுக்கு விட்டு வச்சிருக்க?"

"அடுத்த வருசம் எதுல கால வச்சு ஏறுறதாம்? நீங்க தூக்கி விடுவீகளாண்ணே?"

பின்னால் வந்த அம்மா சிரித்துவிட்டாள். குழைக்கு மட்டும் வளர்க்கிற மரத்தில் அது சரிதான். அறுக்கிற மரத்தில் அந்தக் கட்டை பட்டுப்போகும். மரம் அதை மூடிக்கொண்டு பருக்கும். அறுத்தால் பலகையில் அந்த இடம் கணுவாகிப் பொத்தலாகும். விளக்கிச் சொன்னேன்.

"அப்ப என் ஆடுக மரக்கடையில போயிக் குழை கேக்கணுமாக்கும். குட்டி போட்ட ஆடுண்ணே. மடியில பாலில்ல."

மரக்கடைக்காரர் சொன்னதை அப்போதுதான் இரண்டு பேரிடமும் சொன்னேன். கோணல் மரத்தையும் கவட்டை மரத்தையும் அடியோடு சாய்ப்போம், குழை பூராவும் ஆட்டுக்கு, நிற்கிற மரத்தை யாரும் தொட வேண்டாம் என்றேன்.

அம்மா, "தண்ணி சொமந்தவ நான். எத வெட்ட, எத விடன்னு நாந்தான் சொல்லுவேன்" என்றாள்.

முதலில் நோஞ்சான் மரமாகக் காட்டினாள்.

"அதுல என்ன குழை இருக்கு மதினி? ஆடு மோந்து பாத்துட்டுப் போயிரும்" என்றார் அத்தை.

அம்மா அவரை முறைத்துவிட்டு நடந்தாள். கிடங்குக்குப் பக்கத்தில் இருந்த மரத்தடியில் நின்றாள். தோப்பிலேயே பருத்த மரம் அது. ஆனால் இடுப்புயரத்திலேயே இரண்டாகப் பிரிந்து, பக்கத்து மரங்களின் மேலெல்லாம் கவிந்திருந்தது. கஞ்சி குடிக்க நாங்கள் உட்காருகிற நிழல். அடிமரத்தைத் தடவிப் பார்த்தாள்.

"இத வெட்டுங்க."

"இது இருக்கட்டுமே, நெழலுக்கு ஆகும்" என்றேன்.

"நெழலுக்கா வச்சோம்? இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு, நல்ல மரம் மூச்சு முட்டி நிக்கிது."

வெட்டி முடியும்வரை அம்மா வீட்டுக்குப் போகவில்லை. ஆடுகள் குழையை மொய்த்தன. நிறுத்திய மரங்களில் கீழ்க்கிளைகளை மட்டும் ரம்பத்தால், தடவினால் கையில் தட்டாதபடி ஒட்ட அறுத்தேன்.

ஐப்பசி மழை பெய்ததும், சாய்த்த மரங்களின் அடிக்கட்டையெல்லாம் தழைத்துக்கொண்டது. இப்போது ஆடுகள் அண்ணாந்தே கடித்துக்கொள்கின்றன. அத்தைக்கு மரமேறுகிற வேலையில்லை. நிறுத்திய மரங்கள் என் இரண்டு கை விரல்களையும் சேர்த்துப் பிடித்தாலும் அடங்காமல் திரண்டுவிட்டன. ஆனாலும் நிலைக்கு இன்னும் பருக்க வேண்டும். அதற்கு மறுபடி ஒருமுறை கழித்தாக வேண்டும். நான் இன்னும் பேச்செடுக்கவில்லை. ஆனால் அம்மா இப்போதே தோப்புக்குள் போனால் சில மரங்களுக்கு முன்னால் நின்று நின்று போகிறாள்.