மாடிப்படிக்குக் கீழே வைத்த பார்

எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு சரிவான இடம் உண்டு. சுங்கைப் பட்டாணியில் தாமான் என்கிற குடியிருப்பு வீடுகளில் பாதிக்கு மேல் அப்படித்தான் கட்டியிருப்பார்கள். சிலர் அங்கே செருப்பு அலமாரி வைப்பார்கள், சிலர் மீன் தொட்டி. நாங்கள் அரிசி மூட்டையும் பழைய மின்விசிறியும் வைத்திருந்தோம். என் மகன் அதையெல்லாம் அப்புறப்படுத்திவிட்டு அங்கே ஒரு பார் வைத்தான்.

அவனுக்கு இருபத்தாறு வயது. குருணில் ஒரு தொழிற்சாலையில் தரச் சோதனை வேலை. சாமான்களின் அளவு சரியா, கீறல் இருக்கிறதா என்று நாள் முழுக்க உற்றுப் பார்க்கிற வேலை. கண்ணால் செய்கிற வேலை என்று அப்போது நான் நினைத்துப் பார்த்ததில்லை. இப்போது அதைத் தவிர வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

செலவில்லாமல் வீட்டில் பார் வைப்பது எப்படி என்று அவன் கைப்பேசியில் பார்த்துக்கொண்டே இருந்தான். தொழிற்சாலையில் சாமான் அடுக்கி, வேண்டாம் என்று ஒதுக்கிய பேலட் மரத்தைக் கேட்டு வாங்கிவந்து, வாசலில் உட்கார்ந்து இழைத்து மேசை அடித்தான். கிளாஸ்களை மலிவுக் கடையில் பொறுக்கினான். பின்சுவரில் ஒரு கண்ணாடி மாட்டினான். ஐந்து போத்தல் வைத்தால் பத்தாகத் தெரியுமாம். விஸ்கி, பிராந்தி, ரம், வோட்கா, ஜின், இந்த ஐந்து போதும், மீதியெல்லாம் எலுமிச்சையும் இஞ்சியும் சீனிப்பாகும்தான் என்று எனக்கு விளக்கினான். சீனிப்பாகை என் அடுப்பில்தான் காய்ச்சினான். சட்டி அடிப்பிடித்தது. அதற்காக நான் ஒரு நாள் முழுக்கக் கத்தினேன். கத்த வேண்டியது அதற்கல்ல.

எனக்குப் பார் பிடிக்கவில்லை. நான் சுங்கை லாலாங் தோட்டத்தில் பிறந்தவள். சம்பள நாளில் சம்சு குடித்துவிட்டு அப்பா வருவதற்குள் பாடப் புத்தகங்களைக் கட்டிலுக்கடியில் ஒளித்துவைத்துப் படித்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலைக்கு வந்தவள். வீட்டு நடுவில் விளக்குப் போட்டு போத்தல் அடுக்குவதை என்னால் எப்படி ரசிக்க முடியும்? ஆனால் என் கணவருக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கள் ஆட்களின் கல்யாணத்தில் ஆண்கள் மண்டபத்துக்குப் பின்னால் ஓட்டிவந்த காடியின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, காகிதக் குவளையில் ஊற்றி, யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டே குடிப்பார்கள். அந்த வெட்கம் இனி நம் வீட்டுக்கு இல்லை என்றார். காடிக்குப் பின்னால் நின்று குடிப்பதைவிட வீட்டில் உட்கார்ந்து மரியாதையாகக் குடிக்கட்டும் என்றார். மரியாதை! அந்தச் சொல்லை இப்போது கேட்டாலே எனக்கு உடம்பு எரிகிறது.

மேசை வந்தது, விளக்கு வந்தது, போத்தல்தான் இடித்தது. வரி கட்டிய சரக்கை ஐந்து வகை வாங்கினால் பார் வைத்த சிக்கனமெல்லாம் போய்விடும். கெடா மாநிலத்தில் இருக்கிற எவனுக்கும் அதற்கு ஒரே பதில்தான் தெரியும்: லங்காவி. அந்தத் தீவில் வரி கிடையாது. ஆனால் அங்கே தங்கிவிட்டு வருகிறவர்தான் தனக்கென்று கொஞ்சம் கொண்டுவரலாம். ஆகவே எப்போதும் ஒரு ஆள் இருப்பான், போய்வருகிறவன், எல்லாருக்கும் எடுத்து வருகிறவன். எங்கள் தாமானிலும் ஒருவன் இருந்தான். நெற்றியில் திருநீறு. என் முழங்கால் வலியைப் பற்றி விசாரிப்பான். அட்டைப்பெட்டியைத் தாங்கித் தாங்கி மோட்டார் சைக்கிளிலிருந்து இறக்கினான்.

"அக்கா, கடையில வாங்குனா கலப்படம் இருக்கும்க்கா. இது லங்காவி சரக்கு. பொட்டியோட, மூடியோட. நம்ம ஆளுங்குறதால இந்த வெலை" என்றான்.

என் கணவர் போத்தலை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். மூடியைத் தடவினார். பெரிய நிபுணர் மாதிரி தலையை ஆட்டினார். லங்காவி என்ற ஒரு சொல் போதும், எங்கள் ஆட்களுக்கு வேறு அத்தாட்சி எதுவும் வேண்டாம். ரசீது கேட்டால் அவனை அவமானப்படுத்துவதாகிவிடுமாம்.

அந்த மாதம் சுங்கை லாலாங்கில் எங்கள் குடும்பத்து முனீஸ்வரர் பூசை. செம்பனைக் காட்டோரத்தில் ஒரு மரம், அதனடியில் சின்ன மேடை. தோட்டத்துக் குடும்பங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாளில் அங்கே பூசை வைக்கும். நாங்கள் வருஷத்துக்கு ஒருமுறை கிடா வெட்டி, சுருட்டும் சாராயமும் வைத்துக் கும்பிடுவோம். முன்பெல்லாம் நாங்கள் ஏதாவது ஒரு மலிவுப் போத்தல்தான் வைப்போம். இந்த முறை என் மகன் பாரிலிருந்தே நல்லதாக ஒன்றை எடுத்து வருகிறேன் என்றான். பெட்டியோடு கொண்டுவந்து மேடையில் வைத்தபோது என் கணவரின் அண்ணன் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "இந்த வருஷம்தான் சாமி கண்ணத் தொறந்து பாத்திருப்பாரு."

பூசை முடிந்ததும் அதை ஆளுக்கு ஒரு மூடி அளவு பிரசாதமாகக் கொடுத்தார்கள். அதற்கு மேல் கொடுப்பதில்லை. மிச்சம் படைத்த வீட்டுக்குப் போக வேண்டும், அந்த வீட்டு ஆண்களே அதைக் குடித்து முடிக்க வேண்டும், கீழே கொட்டக்கூடாது, பிறத்தியாருக்குக் கொடுக்கக்கூடாது. இது எங்கள் வழக்கம். என் கணவருக்கு இரத்த அழுத்தம், மாத்திரை சாப்பிடுகிறார். ஆகவே வீட்டுக்கு வந்ததும் மகனிடம் தள்ளிவிட்டார். அவன் பாதி குடித்துவிட்டுப் போதும் என்றான். சுவை ஒரு மாதிரியாக இருக்கிறது என்றுகூடச் சொன்னான்.

"சாமி போத்தலு. மிச்சம் வெக்காத, முடிச்சிரு" என்றார் இவர்.

நான் அடுப்படியில் இருந்தேன். என் காதில் விழுந்தது. இன்றும் விழுந்துகொண்டிருக்கிறது.

மறுநாள் காலை அவன் வேலைக்குப் போனான். தலை வலிக்கிறது என்றான். குடித்தவனுக்கு வலிக்காமல் என்ன செய்யும் என்று நான் விட்டுவிட்டு ஆபீசுக்குப் போனேன். மதியத்துக்கு முன்னால் அவனுடைய மேலாளர் எனக்குப் போன் செய்தார். அளவுக் கருவியில் இருக்கிற எண்ணைப் படிக்க முடியவில்லையாம், எல்லாம் வெள்ளையாகப் பனி மாதிரி இருக்கிறது என்கிறானாம். நானும் என் கணவரும் தொழிற்சாலைக்குப் போய்ச் சேரும்போது அவனுக்கு மூச்சு வேகமாக இழுத்தது. நான் நேரே முன்னால் நிற்கிறேன், அவன் என் தோளுக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டு, "மா, வந்துட்டீங்களா" என்கிறான்.

ஆஸ்பத்திரியில் சின்ன வயசு மலாய்ப் பெண் டாக்டர் முதல் கேள்வியாகக் கேட்டார், நேற்று என்ன குடித்தார் என்று. என் கணவர் இல்லவே இல்லை என்று தலையை ஆட்டினார். கோயில் பூசைக்குப் போனோம், பிரசாதம் சாப்பிட்டோம், அவ்வளவுதான் என்றார். டாக்டர் மறுபடியும் கேட்டார். மறுபடியும் அதே பதில். பிள்ளை மூச்சுக்குத் தவிக்கிறான், இவருக்கு ஒரு மலாய்ப் பெண்ணின் முன்னால் குடிகாரர் வீடு என்று தெரிந்துவிடக் கூடாது. வயிற்றுக் கோளாறு என்று நினைத்து அவர்கள் வேறு ஏதோ சோதனைக்கு அனுப்பினார்கள். நேரம் போனது. எவ்வளவு நேரம் என்று நான் எண்ணவில்லை, எண்ணியிருந்தால் இவரை மன்னிக்கிற வழியே இருந்திருக்காது. கடைசியில் நான்தான் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போய் மலாயில் சொன்னேன்: ஒரு போத்தல் சாராயம் குடித்தான், முக்கால்வாசி இவன்தான் குடித்தான், ரசீது இல்லாத போத்தல்.

அந்த டாக்டரின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அதற்கப்புறம் எல்லாரும் ஓடினார்கள்.

அது மெத்தனால், தொழிற்சாலைகளில் பயன்படுத்துகிற விஷச் சாராயம் என்று பிறகு சொன்னார்கள். அதை முறிக்க என்ன கொடுத்தார்கள் தெரியுமா? நல்ல சாராயம். மூக்கு வழியாகக் குழாய் விட்டு, அளந்து அளந்து ஊற்றினார்கள். உடம்பு அதை முதலில் எடுத்துக்கொள்ளுமாம், விஷம் காத்திருக்குமாம், அதற்குள் இரத்தத்தைச் சுத்தம் செய்துவிடலாமாம். ஆயுசு முழுக்க எதை வெறுத்தேனோ அதை என் பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் ஊற்றுங்கள் என்று வாசலில் நின்று மனசுக்குள் கெஞ்சினேன்.

உயிர் தப்பினான். கண் முழுதாகத் திரும்பவில்லை. நடுவில் ஒரு வெள்ளைத் திட்டு, ஓரத்தில்தான் பார்வை. "நேரா பாத்தா உங்க மூஞ்சி இல்லமா. கொஞ்சம் தள்ளிப் பாத்தா இருக்கு" என்றான். சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்கு ஆறுதல் சொல்கிறானாம்.

போலீசில் புகார் கொடுக்கப் போனேன். போத்தலைக் கொண்டுவரச் சொன்னார்கள். அது வீட்டில் இல்லை. சாமிக்கு வைத்த போத்தல் காலியானாலும் மரத்தடிக்கே திரும்பிப் போக வேண்டும் என்பது வழக்கம். பூசைக்கு மறுநாள் காலையில், மகன் குருணில் எண்களைப் படிக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்த நேரத்தில், என் கணவர் அதைத் துடைத்துப் பெட்டியில் போட்டு அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறார். நான் சுங்கை லாலாங்குக்குப் போனேன். மரத்தடி சுத்தமாக இருந்தது. எங்கள் போத்தல் மட்டுமல்ல, ஒரு போத்தலும் இல்லை.

பக்கத்து வீட்டில், கோயிலைக் கூட்டிப் பெருக்குகிற அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். கேட்டேன்.

"அதயெல்லாம் அவன் வந்து எடுத்துட்டுப் போயிட்டானே" என்றார்.

"யாருக்கா?"

"லங்காவி சரக்கு விப்பான்ல, மோட்டார்ல வர்றவன். ஒவ்வொரு பூசைக்கப்பறமும் வருவான். மூடியோட, பொட்டியோட இருந்தா கூடக் குடுப்பான் லா. உங்க வீட்டுக்காரருதானே பேசி விட்டாரு. கோயிலுக்கு லைட்டு போட்டது அந்தக் காசுலதான்."

ஈரத் துணியை உதறிவிட்டு அவர் அடுத்ததை எடுத்தார். அவருக்கு அது ஒரு செய்தியே இல்லை. நான் காடியில் ஏறி உட்கார்ந்தேன். முனீஸ்வரர் முன்னால் வைத்த போத்தல்கள், பெட்டி மடங்காமல், லேபிள் கிழியாமல், மூடி தொலையாமல் பத்திரப்படுத்திய போத்தல்கள். சாமி பொருள் என்று நாங்கள் காட்டிய பக்திதான், அவன் மறுபடி ஊற்றி மூடி விற்க வசதியாக, அவற்றைப் புதுசு மாதிரி வைத்திருந்தது. அவன் எந்தத் தீவுக்கும் போகவில்லை. எங்கள் மரத்தடிக்குத்தான் போய்வந்திருக்கிறான்.

அன்றைக்கு என் கணவரிடம் கேட்டபோது அவர் சொன்னது இதுதான்: "கோயிலுக்குத்தானே செஞ்சேன்." நான் அன்றைக்கப்புறம் சாப்பாடு வைத்திருக்கிறது, மாத்திரை போட்டீர்களா என்பதற்கு மேல் அவரிடம் அதிகம் பேசுவதில்லை.

போத்தல் இல்லாமலேயே புகார் கொடுத்தேன். கூட வருகிறேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. நம்ம ஆளு, அவனுக்கும் பிள்ளைகள் இருக்கின்றன, மலாய்க்காரன் சிரிப்பான் என்றெல்லாம் வீடு தேடி வந்து சொன்னார்கள். போலீசார் அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள், விசாரித்தார்கள், விட்டுவிட்டார்கள். போன மாதம் ஒரு கல்யாணத்தில் அவனைப் பார்த்தேன். திருநீறு பூசியிருந்தான். மண்டபத்துக்குப் பின்னால்தான் நின்றான், திறந்த காடிக்குப் பக்கத்தில், சுற்றிலும் நம்ம ஆட்கள்.

இந்த வருஷம் பூசை வந்தது. என் கணவரின் அண்ணன் போன் செய்து, இந்த முறை கடையில் ரசீதோடு வாங்கலாம், எல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்றார். தொழிற்சாலை மகனைச் சோதனை வேலையிலிருந்து எடுத்து, அட்டைப்பெட்டி மடிக்கிற இடத்தில் போட்டிருக்கிறது. அங்கே சம்பளம் குறைவு, மரியாதையும் குறைவு. அவனும் எங்களோடு வந்தான். செம்பனை வேர்களில் தடுக்காமல் தலையைச் சாய்த்துச் சாய்த்து நடந்தான்.

கும்பிட்டு முடித்து, ஆளுக்கு ஒரு மூடி கொடுத்து, மீதியை இந்த முறை ஆண்கள் அங்கேயே குடித்துக் காலி செய்த பிறகு, நான் காடியிலிருந்து கோணிப்பையையும் சுத்தியலையும் எடுத்துவந்தேன். எங்கள் போத்தலைப் பையில் போட்டு அடித்தேன். பிறகு மற்ற குடும்பங்கள் வைத்துவிட்டுப் போன போத்தல்களையும் ஒவ்வொன்றாக எடுத்தேன். பெட்டிகளைக் கிழித்தேன்.

"சாமி பொருளும்மா. குத்தம் வந்துரும்" என்றார் என் கணவரின் அண்ணன்.

"வரட்டும். வந்தா எங்கிட்ட வரச் சொல்லுங்க" என்றேன்.

என் கணவர் தூரத்தில் நின்றார். தடுக்கவுமில்லை, உதவவுமில்லை. மகன்தான் கிட்டே வந்து பையின் வாயைப் பிடித்துக்கொள்ளக் குனிந்தான். கையால் தடவிப் பார்த்துத்தான் பிடித்தான்.

"தள்ளி நில்லுயா. கண்ணுல தெறிக்கும்" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்குக் கேட்டது. அவனுக்கும் கேட்டிருக்கும். தலையைச் சாய்த்து என் பக்கம் திரும்பினான்.

"சரிமா" என்று சொல்லி ஓரடி பின்னால் போனான். நான் அடுத்த போத்தலை எடுத்துப் பையில் போட்டேன்.