சேற்றில் இழுக்கும் டயர்

அப்பா வாடகைக்கு ஓட்டியது, சுற்றுலா வருகிறவர்கள் எஸ்.யூ.வி. என்று சொல்லும் பெரிய வண்டி. செண்பகனூரில் எங்களுக்கு அது ஜீப். நான் நாலாம் வகுப்புப் படித்தபோது அதன் டயர்கள் தேய்ந்து வழுவழுவென்று ஆகிவிட்டன. மழைக்கு முன்னால் மாற்றியாக வேண்டும். எந்த டயர் வாங்குவது என்ற பேச்சு வீட்டில் ஒரு வாரம் ஓடியது.

பேச்சை நடத்தியவர் மாமா, அம்மாவின் தம்பி. அவருக்குச் சொந்தமாக ஒரு சைக்கிள்கூட இல்லை. ஆனால் போனில் டயர் வீடியோக்களாகப் பார்த்துத் தேறியிருந்தார். சத்தமில்லாத டயர்தான் வேண்டும், அப்போதுதான் பயணிகள் நிம்மதியாகத் தூங்குவார்கள், நிம்மதியாகத் தூங்கியவர்கள்தான் அடுத்த தடவையும் கூப்பிடுவார்கள் என்பது அவர் கட்சி. அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

வீட்டில் பேசாத விஷயமும் ஒன்று இருந்தது. அப்பாவின் தங்கை, என் அத்தை, வீட்டை மீறிக் கல்யாணம் செய்துகொண்டு பண்ணைக்காட்டுக்குக் கீழே ஒரு காப்பித் தோட்டத்தில் இருந்தாள். அவளுக்கு நிறைமாதம் என்றும், மழை பிடித்தால் அந்த மண்பாதையில் எந்த வண்டியும் ஏறாது என்றும் அம்மா அடுப்படியில் கிசுகிசுத்தது என் காதில் விழுந்திருந்தது. அத்தை பெயரை யாரும் எடுக்கக் கூடாது என்பது தாத்தாவின் சட்டம்.

வத்தலக்குண்டு டயர்க் கடைக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். மாமா சொல்லி வைத்திருந்த டயரைக் கடைக்காரர் உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். அப்பா அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மூலையில் கட்டைகட்டையாகப் பட்டன் வைத்திருந்த டயரைக் காட்டி, அதைப் போடச் சொன்னார்.

“மச்சான், அது காட்டு ரோட்டுக்குப் போடுறதுங்க. தார் ரோட்டுல ஊளையிடும். டூரிஸ்டை ஏத்திட்டு லேக்கைச் சுத்துறதுக்கு அது எதுக்கு?” என்றார் மாமா.

“கெடக்கட்டும் மாப்ளே” என்றார் அப்பா.

வீடு வரும்வரை மாமா பேசவில்லை. டயர் மட்டும் மலையேறுகிற வழியெல்லாம் ஊளையிட்டுக்கொண்டே வந்தது. எனக்கு மானம் போயிற்று.

வாசலில் சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கினோம். தாத்தா வந்தார். கைத்தடியின் நுனியை டயரின் பள்ளத்தில் விட்டு ஆழம் பார்த்தார்.

“சேத்துல இழுக்குமாடா?”

“இழுக்கும்ப்பா.”

அதற்கு மேல் இருவரும் பேசவில்லை. டயரைப் பற்றிப் பேச வேறென்ன இருக்கிறது என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே மழை பிடித்தது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு வண்டிப்பக்கம் போன தாத்தா, திரும்பும்போது வெறும் ஆளாக வந்தார். கம்பளி பின்சீட்டில் மடித்துக் கிடந்தது. அது இல்லாமல் அவருக்குத் தூக்கம் வராது. ஓடிப்போய் எடுத்துவந்து, “மறந்துட்டீங்க தாத்தா” என்று நீட்டிவிட்டு, பாராட்டுக்காகக் காத்து நின்றேன்.

“ஒன் சோலியைப் பாரு” என்றார். கம்பளியை வாங்கிக்கொண்டு மழையிலேயே நடந்துபோய்த் திரும்பவும் பின்சீட்டில் வைத்தார்.

மறுநாள் வெள்ளனே அப்பா கிளம்பிப் போனார். மதியம் வந்தபோது வண்டியில் கண்ணாடிவரை சேறு. பின்சீட்டில் அத்தை, அந்தக் கம்பளிக்குள். அம்மாவை ஏற்றிக்கொள்ளும் நேரம் மட்டும் வாசலில் நின்றுவிட்டு வண்டி ஆஸ்பத்திரிக்குப் பறந்தது. தாத்தா வெளியே வரவில்லை.

இருட்டுவதற்குள் அப்பா மட்டும் திரும்பி வந்தார். என்னைப் பார்த்து, தேவைக்கு மேல் சத்தமாக, “பொம்பளப்புள்ள பொறந்திருக்கு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க” என்றார். தாத்தா டயர்ப் பள்ளங்களில் அடைந்திருந்த சேற்றைக் கைத்தடியால் நோண்டிக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

படுக்கும்போது அவர் துண்டைப் போர்த்திக்கொண்டார். அத்தையிடமிருந்து கம்பளியை வாங்கி வரச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

“எந்தக் கம்பளி?” என்றார்.

அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் முதல் வேலையாக, தாத்தாவுக்கு மறதி முற்றிவிட்டது என்று கவலையோடு சொன்னேன். அம்மா இல்லையென்று சொல்லவில்லை.