தண்ணீர் வராத படங்கள்

எங்கள் டயாலிசிஸ் கூடத்தில் சீசன் சிஸ்டர் என்றால் எல்லோருக்கும் தெரியும். உண்மையில் அவர் நர்ஸ் இல்லை, இயந்திரங்களைக் கவனித்துக்கொள்கிற டெக்னீஷியன். ஆனால் ஆஸ்பத்திரியில் வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண் யாராக இருந்தாலும் நமக்கு சிஸ்டர்தான். ‘சீசன்’ நான் சேர்த்தது. வெயில், மழை, குளிர் என்று காலம் மாறும்போதெல்லாம், எடை பார்க்கிற மெஷினுக்கு மேலே தொங்கும் வெள்ளைப் பலகையை அழித்துவிட்டு, ‘படிக்க, பார்க்க, கேட்க’ என்று தலைப்புப் போட்டு, மனசுக்குத் தெம்பு தருகிற சமாச்சாரங்களாகத் தேடிப் பிடித்து எழுதிவைப்பார். நான் பெயர் வைத்த விஷயம் காதுக்குப் போனதும் ஒரு வாரம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவரே போனில் “சீசன் சிஸ்டர் பேசறேன்” என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

நான் டைல்ஸ் கடையில் விற்பனையாளன். சிறுநீரகம் இரண்டும் கையை விரித்ததிலிருந்து செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் ஜன்னலோர நாற்காலியில் நாலு மணி நேரம் சாய்ந்து கிடந்து, ரத்தத்தை இயந்திரத்துக்குள் அனுப்பிக் கழுவி வாங்கிக்கொள்கிறேன். ஊசி குத்துகிற வலி பழகிவிடும். பழகாதது ஒன்றுதான், பொழுது போகாதது. எதிர்ச் சுவரில் டைல்ஸ் ஒட்டின புண்ணியவான் மூன்றாவது வரிசையைக் கோணலாக ஒட்டியிருக்கிறான். அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறியதுதான் மிச்சம்.

இந்தக் கஷ்டத்தைப் புரிந்துகொண்ட ஒரே ஆள் சீசன் சிஸ்டர். மற்றவர்கள் டிவியைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அவர் எங்கள் உடம்பை வைத்தே எல்லாவற்றையும் யோசிப்பார். ஒரு கையில் ஊசி இருக்கும், அசைக்க முடியாது. அதனால் ஒரே கையால் பிடித்துப் பக்கம் புரட்டுகிற மாதிரி ஒல்லியான புத்தகம்தான் பலகையில் ஏறும். எவ்வளவு நல்ல புத்தகமாக இருந்தாலும் செங்கல் கனம் இருந்தால் அதற்கு இடம் கிடையாது. முதல் ஒரு மணி நேரம் தலை தெளிவாக இருக்கும், அப்போது படிக்கலாம். அதற்குப் பிறகு பார்க்கலாம். கடைசி ஒரு மணி நேரம் ரத்த அழுத்தம் இறங்கிக் கண்ணைக் கட்டும், கெண்டைக்கால் இழுக்கும், அப்போது கேட்க மட்டும்தான். சிரிப்பு வேண்டும், ஆனால் விழுந்து விழுந்து சிரிக்கிற சிரிப்பு ஆகாது. ஒரு தடவை நான் அப்படிச் சிரித்துக் கை மடங்கிப்போய், இயந்திரம் ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்தியது. அன்றே அந்தப் படத்தைப் பலகையிலிருந்து தூக்கிவிட்டார்.

காலத்துக்குக் காலம் கணக்கு மாறும். மழைக்காலத்தில் பாதிப் பேர் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டு முறை தவறும் என்பதால், ஒரே உட்காரலில் முடிகிற கதைகள். குளிர்காலத்தில் ரத்தம் வெளியே போய் வருவதால் எங்களுக்கு இரட்டிப்புக் குளிர் எடுக்கும். அப்போது பனி விழுகிற படத்தை எழுதுவாரா என்ன. கோடைதான் சோதனை. எங்களுக்குத் தண்ணீர் அளவோடுதான், குடித்தது வெளியேறாமல் உடம்பிலேயே தங்கிவிடும். நாளெல்லாம் நாக்கு வறண்டு கிடக்க, ஐஸ்கட்டி ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு அதையே விருந்து மாதிரி நினைத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் திரையில் ஒருத்தன் குளத்தில் குதித்தாலோ, குளிர்ந்த பாட்டிலைத் திறந்து மடமடவென்று குடித்தாலோ யாருக்குத்தான் பொறுக்கும். அதனால் கோடைப் பலகையில் தண்ணீர் வராத படங்கள் மட்டும்தான். மழையில் நனைந்து காதலிக்கிறவர்களுக்கு அந்த மூன்று மாதமும் தடை.

இதற்காக எல்லாவற்றையும் அவர் வீட்டில் முதலில் பார்த்துவிடுவார். வீட்டுக்காரர் பிரிட்ஜ் மெக்கானிக். “ஊர்ல எல்லாரும் ஹீரோவைப் பாக்கறாங்க, இவ மட்டும் அவன் கையில டம்ளர் இருக்கான்னு பாக்கறா” என்பாராம். பார்த்து முடித்தபின் எங்களிடம் முடிவையும் சொல்லிவிடுவார். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே எங்களுக்கு முறை முடிந்துவிடும், இல்லாவிட்டால் மயக்கம் வந்துவிடும். மீதியைத் தெரியாமல் வீட்டுக்குப் போனால் மனசு அடித்துக்கொள்ளும் என்பது அவர் கட்சி. “கடைசியில ரெண்டு குடும்பமும் ராசியாயிடும், நிம்மதியா பாருங்க” என்று சொல்லித்தான் ஹெட்போனை மாட்டிவிடுவார். வெளியே யாராவது இப்படிச் செய்தால் அடி விழும். எங்களுக்கு அது பிடித்திருந்தது.

போன வருஷம் ஓர நாற்காலியில் இருந்த அம்மா ஒருவர், போதும்டா சாமி என்று வருவதை நிறுத்திக்கொண்டார். சிஸ்டர் போன் மேல் போன் போட்டார். அப்புறம் போட வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. அன்றிலிருந்து யாராவது ஒரு முறை வரவில்லை என்றாலே அவர் முகம் செத்துப்போகும்.

இந்தக் கோடை ஆரம்பத்தில் அந்த நாற்காலிக்கு ஒரு லாரி டிரைவர் வந்து சேர்ந்தார். ஐம்பது வயதிருக்கும். இனி வண்டி ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம். அவர் மனைவிதான் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிவருவார். இவரோ எப்போது கேட்டாலும், “இன்னியோட சரி, அடுத்த தடவை வரமாட்டேன்” என்பார். அதை அவர் சொன்ன விதம் மிரட்டல் மாதிரி இல்லை, முடிவு செய்துவிட்ட மாதிரி இருந்தது. அதுதான் எங்களுக்குக் கவலை.

“படமா, பாட்டா, என்ன வேணும் அண்ணே?” என்று சிஸ்டர் கேட்டார்.

“ஒண்ணும் வேணாம்.”

“நாலு மணி நேரம் எப்படிப் போகும்?”

“ரோட்டைப் பாத்துக்கிட்டு இருந்தா நாள் பூரா போகும். இங்க ரோடு எங்க இருக்கு?”

“ரோடுதானே. கொண்டு வரேன்” என்றார் சிஸ்டர்.

தேடித் தேடி, ஒரு லாரிக்காரர் மலைப்பாதையில் சரக்கு கொண்டுபோகிற படம் ஒன்றைப் பிடித்தார். ஆனால் அந்த வாரம் இன்னொரு டெக்னீஷியன் லீவு. இரண்டு ஷிப்டும் இவர் தலையில். வீட்டுக்குப் போய்ப் படத்தைப் போட்டவர், பாதியிலேயே அசந்து தூங்கிவிட்டார். பார்த்த வரைக்கும் தண்ணீர் இல்லை, நல்ல மனிதர், நல்ல பாட்டு. சனிக்கிழமை டிரைவரிடம் வழக்கம்போல முடிவையும் சொல்லிவிட்டார்: “கடைசியில லோடை இறக்கிட்டு பத்திரமா வீட்டுக்கு வந்துடுவார் அண்ணே. தைரியமா பாருங்க.”

டிரைவர் பார்த்தார். வந்த நாளிலிருந்து அந்த முகம் இளகியதை அன்றுதான் கண்டேன். “கியர் மாத்தற சத்தம் சரியாத்தான் இருக்கு” என்று என் பக்கம் திரும்பிச் சொல்லவும் செய்தார். கடைசி ஒரு மணி நேரம் கண்ணைக் கட்டிவிட்டதால் படம் பாதியில் நின்றது. மீதியை வீட்டில் பார்க்கச் சொல்லி, சிஸ்டர் அவர் போனில் படத்தை ஏற்றிக்கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை ஓர நாற்காலி காலி.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் சிஸ்டர் ஏதோ பொறி தட்டி, மீதிப் படத்தைத் தன் போனில் பார்த்திருக்கிறார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை. என் இயந்திரத்தைச் சரிபார்க்கிற மாதிரி குனிந்து, “வீட்டுக்கு வரலை” என்றார்.

“யாரு?”

“படத்துல அந்த டிரைவர். நடு ரோட்டுல வண்டியை நிறுத்திட்டு, சாவியை வண்டியிலயே விட்டுட்டு, காட்டுக்குள்ள இறங்கிப் போயிடறார். அவ்வளவுதான், படம் முடிஞ்சுது. நான் பாக்காமலே சொல்லிட்டேன். நம்ம அண்ணனே எப்படா விட்டுட்டுப் போலாம்னு இருக்கற மனுஷன். வழியையும் நானே காட்டிக் குடுத்துட்டேன்.”

“ஒரு படத்தைப் பாத்துட்டு யாரு என்ன பண்ணிடப் போறாங்க” என்றேன். சமாதானமாகத்தான் சொன்னேன். ஆனால் அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். இவ்வளவு வருஷமாக அவர் தேடித் தேடிப் பலகையில் எழுதியதெல்லாம் எங்களை ஒன்றும் பண்ணவில்லை என்று நானே சொன்ன மாதிரி ஆகிவிட்டது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

சிஸ்டர் அந்த டிரைவரின் வீட்டுக்குப் போன் போட்டார். மனைவிதான் எடுத்தார். படம் பார்த்து முடித்ததிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார், ஆஸ்பத்திரி என்று வாயெடுத்தாலே எரிந்து விழுகிறார் என்று அந்த அம்மா அழுதார். போனை அவரிடம் கொடுக்கச் சொன்னால், கை நீட்டி வாங்கக்கூட இல்லையாம்.

வியாழக்கிழமையும் வரவில்லை. டாக்டர் கணினியைப் பார்த்துக்கொண்டே, சனிக்கிழமையும் வராவிட்டால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும், அப்புறம் கூட்டிவந்தும் பிரயோஜனமில்லை என்றார். சிஸ்டர் எடை மெஷின் அருகே போய், பலகையை முழுசாக அழித்தார். படிக்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. அழித்த துணியைக் கையில் வைத்துக்கொண்டே நின்று அழுதார். ஊசியோடு கிடக்கிறவன் எழுந்துபோய் ஆறுதல் சொல்லவா முடியும்.

சனிக்கிழமை எங்களுக்கெல்லாம் ஊசி போட்டு முடித்து வெகுநேரம் ஆகியிருந்தது. சிஸ்டர் ஓர நாற்காலியின் இயந்திரத்தை மட்டும் தயாராக வைத்துவிட்டு, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவு திறந்தது. மனைவி தோளைப் பிடித்துக்கொண்டு டிரைவர் உள்ளே வந்தார். கண் ரப்பை வீங்கி, காலில் செருப்பு நுழையாமல், மூச்சு மேலும் கீழும் வாங்கியது. எடை மெஷின் பக்கம் திரும்பவே இல்லை. நேராக சிஸ்டர் முன்னால் போய் நின்றார்.

“வண்டி வீட்டுக்கு வந்துடும்னு சொன்னீங்களே?”

“சொன்னேன் அண்ணே. மீதிப் படத்தை நான் பாக்கவே இல்லை. குத்துமதிப்பா சொல்லிட்டேன். என் தப்புதான்.”

“அதை விடுங்க. அவன்லாம் ஒரு டிரைவரா?” நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டார். “லோடோட வண்டி. வளைவுல நிறுத்தறான். ஒரு லைட்டு போட்டானா? பின்னாடி வர்றவன் என்ன ஆவான்? சரக்கு எப்ப வரும்னு அங்க ஒருத்தன் காத்துக்கிட்டு இருப்பானே. வீட்டுல ஒருத்தி இருக்கா. எல்லாத்தையும் அப்படியே போட்டுட்டுப் போறான். அதுக்குப் பின்னாடி வயலின் வேற வாசிக்கறாங்க. ஒரு வாரமா எனக்குத் தூக்கம் இல்லை.”

‘நீங்க மட்டும் ஒரு வாரமா என்ன பண்ணீங்களாம்’ என்று எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இந்த முறை எப்படியோ வாயைக் கட்டிக்கொண்டேன். அவர் மனைவி அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“உக்காந்து சொல்லுங்க அண்ணே” என்றார் சிஸ்டர்.

“உக்கார வரலை. உங்களைக் கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்.”

“நின்னுக்கிட்டு எவ்வளவுதான் திட்டுவீங்க? மூச்சு வாங்குது பாருங்க. உக்காந்து நல்லாத் திட்டுங்க.”

டிரைவர் கொஞ்ச நேரம் நாற்காலியைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். டாக்டர் ஓடிவந்தார், ஆக்சிஜன் மாட்டினார்கள். சிஸ்டர் ஊசியை ஏற்றும்போதுகூட, முகமூடிக்குள்ளிருந்து அந்த மலைப்பாதையின் இரண்டாவது இறக்கத்தைப் பற்றிய புகார் வந்துகொண்டிருந்தது. சிஸ்டர் ஒவ்வொன்றுக்கும் “ஆமா அண்ணே” போட்டார். கை அசையாமல் திட்டுகிறார் என்பதால் இயந்திரமும் ஆட்சேபம் சொல்லவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு அடங்கியது. நீர் இறங்க இறங்கக் குரல் ஏறியது. எங்கள் வரிசையில் யாரும் அன்று ஹெட்போன் மாட்டிக்கொள்ளவில்லை. அந்தக் கூடத்தில் நான் கேட்டதிலேயே மனசுக்குத் தெம்பு தந்த சமாச்சாரம் அதுதான், அதைப் பலகையில் எழுத முடியாது.

ஒரு வழியாக நேரம் முடிந்தது. சிஸ்டர் ஊசியை எடுத்துவிட்டுப் பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். கையைப் பார்த்தபடியே, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கித்தான் கேட்டார்.

“செவ்வாய்க்கிழமை வருவீங்களா அண்ணே?”

“வராம? இன்னும் அந்த டைரக்டரைத் திட்டவே ஆரம்பிக்கலையே” என்றார் டிரைவர்.