அத்தை பிடித்துவைத்த சுவர்

எங்கள் ஊரில் தேர்தல் வருவதைச் சுவர்கள்தான் முதலில் சொல்லும். கட்சிக்காரர்கள் வெள்ளையடித்து மூலையில் பெயரை எழுதிவிட்டால் அந்தச் சுவர் அவர்களுடையது. வேறு யாரும் கைவைக்க மாட்டார்கள். மரக்காணம் ரோட்டைப் பார்த்த எங்கள் வீட்டுச் சுவருக்கு எப்போதும் போட்டி உண்டு. நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது அதை ஒரு ஜெர்மன்காரருக்காகப் பிடித்துவைத்தோம்.

அவர் பொருளாதாரப் பேராசிரியர். மழைக்காலத்தில் உப்பளத்து ஆட்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று ஆராய, அவர்கள் வேலைக்கு வரும் கோடையில், இரண்டு வருஷம், இடையஞ்சாவடியில் தங்கி மொபெட்டில் வந்துபோனார். சர்ச் நடத்தும் பங்குப் பள்ளியில் டீச்சராக இருந்த என் அத்தைதான் பாத்திக்குப் பாத்தி கூடவே நடந்து, அவர்கள் சொன்னதை அவருக்கு இங்கிலீஷில் சொன்னாள். என்னை அவர் மொபெட்டில் முன்னால் நிற்கவிடுவார். எனக்கு அது போதும்.

ஜெர்மனிக்குத் திரும்பியவர் ஒருநாள் அத்தைக்குப் போன் செய்தார். புத்தகம் எழுதி ஒன்றும் மாறவில்லை, அதனால் தங்கள் மாநிலத் தேர்தலில் நிற்கப்போவதாகச் சொன்னாராம். எனக்குத் தலைகால் புரியவில்லை. தேர்தலில் நிற்கிறவர் யாரானாலும் கைகூப்பிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தாக வேண்டும் என்பது நான் கண்ட வழக்கம்.

"அப்ப ஓட்டு கேக்க வருவாரா அத்த?"

அத்தை எழுந்து முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு, "சுண்ணாம்பு வாளிய எடுத்துட்டு வா," என்றாள்.

இருவருமாக வெள்ளையடித்தோம். மூலையில் அவர் பெயரைத் தமிழில், கரும்பலகையில் எழுதுவதைவிட அழகாக அத்தை எழுதினாள். பள்ளி விட்டதும் தினமும் ரோட்டோரம் போய் நின்றேன். வந்த மொபெட்டெல்லாம் மீன்காரருடையது. இன்றைக்கும் அந்தச் சத்தம் கேட்டால் எட்டிப் பார்க்கத் தோன்றுகிறது.

அவர் ஜெயித்துவிட்டார். கோட்டு போட்ட படம் ஒன்று அத்தையின் போனுக்கு வந்தது.

"ஜெயிச்சிட்டாரு இல்ல, இனிமே எங்க வரப்போறாரு," என்றாள் அம்மா. நம் ஊர் அனுபவம். நான் அழுதேன். அத்தை படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்த வருஷம் இங்கே தேர்தல். மழையில் பெயர் பாதி கரைந்திருந்தது. கட்சிக்காரர்கள் வாளியோடு வந்தார்கள். அப்பா சரி சொல்வதற்குள் அத்தை வெளியே வந்தாள்.

"ஏம்பா, வேற செவரு பாருங்க. இது புடிச்சாச்சு."

அவர்கள் போனதும் நான் சொன்னேன்: "அத்த, அவரு எலெக்‌ஷன்தான் முடிஞ்சிடுச்சே."

அத்தை என் தலையைத் தடவிவிட்டுச் சுண்ணாம்பு வாங்கக் கடைக்குப் போனாள். அவர் ஓட்டு கேட்டு வருவதற்காகத்தான் அவளும் என்னைப்போலக் காத்திருந்தாள் என்று அதுவரை நினைத்திருந்தேன்.