அவர் தட்டிலிருந்து ஒரு வாய்

“வீட்டுல ஏதாவது மாத்திரை கொடுத்தீங்களா?” என்று அவசரப் பிரிவு டாக்டர் கேட்டார். “இல்லை” என்றேன்.

கட்டிலில் கிடந்தது என் கணவர் ஸ்டீபன். முகம், கழுத்து, காது எல்லாம் ரத்தம் ஏறிச் சிவந்திருந்தன. சட்டைக்கு மேலேயே நெஞ்சு துடிப்பது தெரிந்தது. வாந்தி நிற்கவில்லை. ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போகிறது என்று நர்ஸ் சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டேதான் இல்லை என்று சொன்னேன்.

வீட்டில் ஒரு குடிநோயாளியை வைத்துக்கொண்டு, எதைச் செய்தால் இது ஒழியும் என்று வழி தேடும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். நான் செய்ததை நீங்கள் செய்துவிடக் கூடாது. மற்றபடி அறிவுரை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை.

எங்கள் வீடு கேரள எல்லையில், குன்னத்துகால் பக்கம். அவர் டைல்ஸ் பதிக்கிற வேலைக்காரர். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அவருக்கு வேலை உண்டு. நான் அங்கன்வாடியில் ஹெல்பர். பிள்ளைகளுக்குக் கஞ்சியும் பயறும் வைத்துக் கொடுப்பது என் வேலை. மகள் ஜின்சி அப்போது பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவர் குடியை நிறுத்த அந்த வாயைத்தான் முதலில் நம்பினேன். தெருவே கேட்கக் கத்தினேன். பிறகு உபவாசம் இருந்து ஜெபித்தேன். அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று இரண்டு தடவை பை கட்டினேன். வேலை விட்டு வந்ததும் வாசலிலேயே நிறுத்தி, “ஊதுங்க” என்று வாயை மணந்து பார்ப்பேன். ஒரு ஆணுக்கு அது எவ்வளவு கேவலம் என்று நான் யோசித்ததே இல்லை. என் ஆத்திரம் எனக்கு.

சபையில் எங்கள் பெண்கள் கூட்டத்துக்கு வரும் லில்லி அக்கா ஒருநாள் என்னைத் தனியே கூப்பிட்டு, மடித்த காகிதம் ஒன்றைக் கையில் வைத்து அழுத்தினார். உள்ளே மாத்திரைகள்.

“அவரு அறியாண்டாம். பொடிச்சு கறியில போடு. பொறவு குடிச்சா உடம்பு ஏக்காது. பயந்து தன்னால விட்டிருவாரு. எனக்க வீட்டுல நான் இப்பிடித்தான் செய்தேன்.”

அதன் பெயர் டைசல்ஃபிரம் (சாராயம் உள்ளே போனால் உடம்பு கடுமையாக எதிர்க்கும்படி செய்யும் மாத்திரை). எங்கள் பக்கத்தில் பெண்களுக்குள் இது ரகசியமாகக் கைமாறும். யாரும் இதைத் தப்பாக நினைப்பதில்லை. நானும் நினைக்கவில்லை. சாளை மீன் கறியில் கலக்கும்போது, “ஆண்டவரே, இதை ஆசீர்வதியும்” என்று ஜெபம் வேறு செய்தேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அந்த வாரம் அவர் மகளிடம் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். உதியன்குளங்கரையில் ஒரு புது வீட்டில் வேலை நடந்துகொண்டிருந்தது. “இந்த வீட்டு வேலை தீருவது வரைக்கும் தொடமாட்டேன் மக்கா” என்றார். மூன்று நாள் தொடவும் இல்லை. கை நடுங்க நடுங்கத்தான் காலையில் தேநீர் குடித்தார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அந்த மூன்று நாளும் மரச்சீனிக் கிழங்குக்குக் கறி விட்டுக் கொடுத்தபோது, அவருடைய பங்கில் மட்டும் மாத்திரை இருந்தது.

நான்காம் நாள் அந்த வீட்டில் பாலுகாச்சு (புதுமனை புகுவிழா). மதியம் சாப்பாட்டுக்கு முன்னால் வேலைக்காரர்களைக் கூட்டிவைத்து வீட்டுக்காரர் ஊற்றிக் கொடுத்தார். அது வழக்கம்தான். இவர் ஒரு கிளாஸ்தான் குடித்தாராம். கால்மணி நேரத்தில் தரையில் சாய்ந்துவிட்டார்.

டாக்டரிடம் இல்லை என்று சொல்லிவிட்டு, நடைபாதையில் சுவரோடு சாய்ந்து நின்றேன். போலீஸ் வருமோ என்று பயந்தேன். ஜின்சிக்குத் தெரிந்துவிடுமோ என்று பயந்தேன். அவர் செத்துப்போவாரோ என்ற பயம் மூன்றாவதாகத்தான் வந்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும்? நான் உண்மையை எழுதத்தானே உட்கார்ந்திருக்கிறேன். அரைமணி நேரம் அப்படி நின்றேன். உள்ளே அவர்கள் மாரடைப்பா, ஒவ்வாமையா என்று தேடிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு கால் தானாக உள்ளே போனது. “டாக்டரே, கறியில மாத்திரை போட்டேன். குடிய நிறுத்தத்தான்” என்றேன். நான் சொன்னது டாக்டருக்கு. கேட்டது கட்டிலில் கிடந்த அவருக்கும்தான். மூடியிருந்த கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். யாரோ ஒரு பெண்ணைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

டாக்டர் சத்தம் போடவில்லை. “அம்மா, இது அவருக்குத் தெரிஞ்சு, ரத்தப் பரிசோதனை செஞ்சு கொடுக்க வேண்டிய மருந்து. அரை மணிக்கூர் எங்களையும் சுத்த விட்டீங்க. இந்த மனுஷன் போயிருந்தா என்ன செய்வீங்க?” என்றார்.

இரண்டு நாளில் பிழைத்து வந்தார். வீட்டில் சாப்பிடவில்லை. காலையில் கடையில் புட்டு, மதியம் வேலை இடத்தில் பொதிச்சோறு, மாலையில் கடை பரோட்டா. குடியும் தொடர்ந்தது. அந்த மாத்திரை அவர் குடியை நிறுத்தவில்லை. என் சோற்றைத்தான் நிறுத்தியது. ஜின்சி பள்ளிக்குக் கிளம்பும்போது டிபன் பாத்திரத்தைத் திறந்து மணந்து பார்த்தாள். நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் மூடிக்கொண்டு ஓடிவிட்டாள்.

மூன்று மாதம் கழித்து ஒருநாள் டைல்ஸ் வெட்டும் மெஷினைப் பிடிக்க முடியாமல் அவர் கை ஆடியது. கூட நின்ற ஆளின் விரல் போயிருக்க வேண்டியது, தப்பியது. மறுநாள் காலையில் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, “ஆஸ்பத்திரிக்குப் போறேன், நீயும் வா” என்றார். நான் எவ்வளவு கத்தியும் நடக்காதது, நான் வாயைத் திறக்காத ஒரு காலையில் நடந்தது.

மூன்று வாரம் குடிநோய் வார்டில் இருந்தார். முதல் சில நாட்கள் விலகல் நோய்க்குறி (குடியைத் திடீரென்று விட்டதும் வரும் நடுக்கம், வியர்வை, குழப்பம், சிலருக்கு வலிப்பு). சுவரில் எறும்பு போகிறது என்று தட்டிக்கொண்டே இருந்தார். வீட்டில் வைத்து நிறுத்த முயன்றிருந்தால் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்றார் மனநல மருத்துவர். அவர் ஒரு பெண், நிதானமாகப் பேசுகிறவர்.

கிளம்பும் முன்பு என் கணவரே கேட்டார். “டாக்டரே, அந்த மாத்திரை எனக்கு எழுதித் தாருங்க. எனக்க கையால நான் தின்னுதேன்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்லீரல் பரிசோதனை எல்லாம் பார்த்த பிறகு டாக்டர் சம்மதித்தார். தினமும் காலையில் என் முன்னால் நின்று சாப்பிட வேண்டும் என்று மட்டும் சொன்னார். ஒரு வருடம் அப்படி நடந்தது. பல் தேய்த்துவிட்டு வருவார். அட்டையிலிருந்து அவரே மாத்திரையைப் பிதுக்கி எடுப்பார். தண்ணீர் குடித்துவிட்டு வாயைத் திறந்து காட்டுவார். நான் ஒளித்துக் கொடுத்ததையே வெளிச்சத்தில் நின்று விழுங்கினார். முதல் நாள் நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். “பாரு எட்டி. பாக்கத்தானே டாக்டர் சொன்னாங்க” என்றார்.

வேறென்ன செய்தார் என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. புது வேலை பேசும்போதே, “நான் குடிநோயாளி, பாலுகாச்சுக்கு என்னைக் கூப்பிடாண்டாம்” என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுவார். சிலர் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்தார்கள். அதையும் பொறுத்துக்கொண்டார். சனிக்கிழமை நெய்யாற்றின்கரையில் குடியை விட்டவர்கள் கூடும் கூட்டத்துக்குப் போவார், மழையானாலும். என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: “இனி மணம் பிடிக்காத. கேளு. கேட்டா நான் சொல்லுவேன்.”

சொன்னார். மாத்திரையை டாக்டர் நிறுத்தி நாலு மாதம் ஆனபோது, ஒரு மாலை வாசல் கேட்டுக்கு வெளியிலேயே நின்று, “இண்ணு குடிச்சேன்” என்றார். நான் கேட்கக்கூட இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த சட்டி மூடியை முற்றத்தில் வீசி எறிந்தேன். அது உருண்டு போய் அவர் காலடியில் விழுந்தது. எடுத்துக்கொண்டு வந்து என் கையில் தந்தார். “நாளைக்கு டாக்டரைப் பாக்கணும், வாறியா?” என்று கேட்டார். குடித்த ஒரு மணி நேரத்துக்குள் வந்து உண்மையைச் சொன்ன மனுஷன் அவர். அவர் உயிர் ஊசலாடும்போது அரைமணி நேரம் நடைபாதையில் பொய்யோடு நின்றவள் நான். இதில் யார் மேல் யார் மூடியை எறிவது? அதன்பிறகு இன்றுவரை அவர் குடிக்கவில்லை.

சாப்பாட்டு விஷயத்தை இன்னும் சொல்லவில்லை.

வார்டிலிருந்து வந்த முதல் மதியம் சோறும் மோர்க்கறியும் வைத்தேன். உட்கார்ந்தார், பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார், கை வாய்க்குப் போகவில்லை. பொறுக்க முடியாமல் அவர் தட்டிலிருந்து ஒரு வாய் அள்ளி என் வாயில் திணித்தேன். “பாத்துக்கிடுங்க! சாவதா இருந்தா நான் முதல்ல சாவுதேன்!” என்று கத்தினேன். நான் விழுங்கியதைப் பார்த்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்.

கோபத்தில் செய்தது வழக்கமாகிவிட்டது. அவர் குடிக்காதபோது அந்த மாத்திரை கறியில் இருந்தாலும் சட்டென்று சாய்க்காது, நான் தின்றாலும் எனக்கு ஒன்றும் ஆகாது. இதெல்லாம் டாக்டர் சொல்லி இருவருக்கும் தெரியும். அவர் பயந்தது மாத்திரைக்கு இல்லை. தனக்குத் தெரியாமல் தன் தட்டில் இவள் என்ன வைப்பாளோ என்ற பயம் அது. எனவே நாளைக்கு மூன்று வேளை, அவர் தட்டிலிருந்து முதல் வாய் எனக்கு. ஒரு கல்யாண வீட்டில் இதைப் பார்த்துவிட்டு அவருடைய சித்தி மகள், “அம்மாடி, இந்த வயசிலயும் என்னா கொஞ்சல்!” என்று கேலி செய்தாள். பந்தியே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். அவர் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கன்வாடியில் அத்தனை குஞ்சுப் பிள்ளைகள் என் கையால் வாங்கித் தின்கின்றன. ஒன்றுகூட என் முகத்தைச் சந்தேகத்தோடு பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்தால் நான் முதலில் தின்று காட்ட வேண்டும். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. நான் சம்பாதித்தது அது.

இப்போது ஜின்சி பெங்களூரில் நர்சிங் படிக்கிறாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தோம். வழக்கம்போல என் கை அவர் தட்டுப் பக்கம் போனது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

“வேண்டாம். இனி நான் தின்னுதேன்.”

“நம்பிக்கை வந்திட்டா?” என்று கேட்டேன்.

பொய் சொல்லியிருக்கலாம். அவர் சொல்லமாட்டார். “இல்லை. பயம் உண்டு. பயத்தோடதான் தின்னப் போறேன். குடிக்காம இருக்கியதும் அப்பிடித்தான் ஆக்கும். ஆசை போனதுக்குப் பொறவா நிறுத்தினேன்?”

முதல் வாயை எடுத்து வாயில் வைத்தார். மென்றார். விழுங்கினார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடம் நான் விழுங்குவதை அவர் பார்த்த மாதிரி.

பாதிச் சோறு ஆனதும் தட்டை என் பக்கம் நகர்த்தினார். “கொஞ்சம் கறி விடு” என்றார்.

கரண்டியை எடுத்தேன். கறியை அள்ளினேன். தட்டுக்கு மேலே கொண்டுபோன கை அங்கேயே நின்று ஆடியது. கறி மேசையில் சிந்தியது. சட்டியில் நான் எதையும் போடவில்லை. எனக்குத் தெரியும். இருந்தும் என்னால் ஊற்ற முடியவில்லை.

“நீங்களே எடுத்துக்கிடுங்க” என்றேன்.

“அவசரம் இல்லை, மெல்ல விடு” என்று தட்டைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

நடுவில் சறுக்கிய அந்த ஒரு நாள் போக, குடியை விட்டு அவருக்கு ஆறு வருடம் ஆகப் போகிறது. என் கைக்கு அன்றுதான் முதல் நாள்.