நகவெட்டி அக்கா

முதலில் பேசின் தண்ணீரில் முழங்கையை விட்டுப் பார்ப்பாள். விரலை விட்டால் சூடு தெரியாது. பொத்தான் ஓட்டைக்குக் காஜா எடுத்து எடுத்து விரல் நுனியெல்லாம் காய்த்துப் போயிருக்கிறது. பதமாக இருந்தால் பேசினைக் கட்டிலடியில் தள்ளிவிட்டு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கட்டில் விளிம்பில் இருப்பவரின் காலைப் பிடித்து மெதுவாகத் தண்ணீருக்குள் இறக்குவாள். நகம் ஊற வேண்டும். மாதக்கணக்கில் படுத்துக் கிடப்பவர்களின் கால் நகம் கொம்பு மாதிரி ஆகிவிடும். ஊறாமல் கை வைத்தால் நகவெட்டிதான் வாயைப் பிளக்கும்.

வாரம் முழுக்க அவள் தையல்கடையில் சட்டைக்குக் காஜா எடுத்து, பொத்தான் தைக்கிறவள். ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் இந்த வார்டுக்கு வருவாள். வீட்டுக்குத் திருப்பி அனுப்பவும் முடியாமல், குணமாக்கவும் முடியாமல் வைத்திருக்கிறவர்களின் வார்டு. மாமனார் இங்கே கிடந்தபோதுதான் அவளுக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. துடைத்துவிட ஆள் இருக்கிறது, மருந்து கொடுக்க ஆள் இருக்கிறது, நகம் மட்டும் யார் வேலையும் இல்லை. மாமனார் போய்ச் சேர்ந்த பிறகும் அவள் வருவதை நிறுத்தவில்லை. நர்ஸுகள் முதலில் என்னவோ ஏதோ என்று பார்த்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். இப்போது அவள் பெயர் யாருக்கும் தெரியாது. நகவெட்டி அக்கா, அவ்வளவுதான்.

எதையும் எதிர்பார்க்காமல் செய்கிற சேவைதான் மனுஷியை மேலே ஏற்றும் என்று எங்கோ ஒரு கூட்டத்தில் கேட்டுவிட்டு வந்திருந்தாள். அளவு சொன்னால் நூல் பிசகாமல் தைக்கிற கை அவளுடையது. இதையும் அப்படியே எடுத்துக்கொண்டாள். வார்டில் ஒரு வாய் டீ குடிக்க மாட்டாள். ஸ்டூல் போட்டால் உட்கார மாட்டாள். யாராவது கண் கலங்கி, "நீ நல்லா இருக்கணும்மா" என்று தொடங்கினால் போதும், நகவெட்டியால் மேலே காட்டிவிடுவாள். "எங்கிட்ட எதுக்கு சொல்றீங்க, அங்க சொல்லுங்க. நான் உங்களுக்காகவா செய்யறேன்? என் மனசு ஒரு படி மேல ஏறட்டும்னு செய்யறேன்." அதைத்தான் அவள் பணிவு என்று நினைத்திருந்தாள்.

அவள் காட்டுகிற இடத்தில் மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும். இந்த வார்டின் புண்ணியம் முழுக்க அந்த ஃபேனுக்குத்தான் போகிறது, அது நேரே சொர்க்கத்துக்குப் போகும், நாம் இங்கேயே புழுங்கிச் சாக வேண்டியதுதான் என்று மூலைக் கட்டில்காரர் ஒருமுறை சொல்ல, வார்டே சிரித்தது. அவள் வீட்டுக்காரரும் சளைத்தவர் அல்ல. ஞாயிறு சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றும்போதே, "இன்னைக்கு எத்தனாவது மாடி?" என்பார். அவள் செருப்பை ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். ஆனால் வார்டின் படிகளில் இறங்கி வரும்போது உடம்பே லேசாக இருக்கும். அந்த லேசு அவளுக்குப் பிடிக்கும். புதன், வியாழன் வரைக்கும் கூடத் தாக்குப்பிடிக்கும்.

மூலைக் கட்டில்காரர் பஸ் கண்டக்டராக இருந்தவர். வாதம் வந்து இடது பக்கத்தை எடுத்துக்கொண்டது, வாயை விட்டுவைத்தது. டாக்டரோடு கூட்டமாக ஆட்கள் வந்து நின்றால், "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் இருக்கு" என்பார். டீயோடு வருகிற பிஸ்கட்டில் ஒன்றைக் காகிதத்தில் மடித்துத் தலையணைக்கடியில் வைத்திருந்து, ஞாயிற்றுக்கிழமை அவளிடம் நீட்டுவார். ஒவ்வொரு முறையும் அவள் சிரித்துக்கொண்டே வாங்கிப் பக்கத்துக் கட்டிலில் கொடுத்துவிடுவாள். தனக்கென்று ஒரு பிஸ்கட் கூட வைத்துக்கொள்ளாத தன்மையை நினைத்து உள்ளுக்குள் கொஞ்சம் பூரிப்பாகவும் இருக்கும்.

ஒரு ஞாயிறு அவள் பேசினைத் தள்ளிக்கொண்டு மூலைக்குப் போனபோது, அவர் காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். வேண்டாம் என்றார். கால் கட்டை விரலில் நகத்தின் ஓரம் சதைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. விட்டால் கீறித்தான் எடுக்க வேண்டிவரும் என்று நர்ஸ் அவளிடம் முன்பே சொல்லியிருந்தாள். அதனால் அவள் விடவில்லை. குழந்தையை அதட்டுவது போலச் செல்லமாக அதட்டினாள், அடம் பிடிக்கிறார் பார் என்று அடுத்த கட்டிலைப் பார்த்துச் சொன்னாள், போர்வையின் நுனியைக் கூடப் பிடித்து இழுத்தாள்.

"விடுங்க தங்கச்சி," என்றார் அவர். அந்தக் குரலில் வழக்கமான கேலி இல்லை. "பஸ்ஸுல இருந்த வரைக்கும் ஓசியில ஒருத்தரையும் ஏத்தினதில்ல நான். சொந்த மச்சானையே பாதி வழியில எறக்கி விட்டிருக்கேன். இப்ப வாராவாரம் நானே ஓசியில போறேன். அசிங்கமா இருக்கு."

அப்படியெல்லாம் நினைக்கக் கூடாது அண்ணே என்று அவள் ஆரம்பித்தாள். அவர் விடவில்லை.

"பெத்த பொண்ணுகிட்டகூட இந்தக் கால நீட்டினதில்ல. உங்ககிட்ட நீட்டறேன். ஒரு பிஸ்கட்டையாவது குடுத்தா கூச்சம் கொஞ்சம் கொறையும்னு பார்த்தேன், அதையும் பக்கத்துல தள்ளிடறீங்க. நல்லா இருன்னு சொன்னா ஃபேனைக் காட்டறீங்க. நீங்க மேல ஏறணும், சரி. அதுக்கு எங்க காலுதான் படிக்கட்டா?"

வார்டில் யாரும் சிரிக்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவளுக்குக் காது மடல் சுட்டது. சரி அண்ணே, பிஸ்கட்டைக் கொடுங்கள், இப்பவே சாப்பிடுகிறேன் என்று கையை நீட்டினாள். அதைக் காலையிலேயே தின்றாகிவிட்டது என்றார் அவர். பிறகு, கோபம் கூட இல்லாமல் சொன்னார்: "இருந்தாலும் குடுக்க மாட்டேன். இப்ப அதையும் நீங்க சேவையாத்தான் தின்பீங்க."

பேசினை எடுத்துக்கொண்டு அவள் எழுந்துவிட்டாள். அன்று படியிறங்கும்போது உடம்பு லேசாக இல்லை. வீட்டுக்காரர் எத்தனாவது மாடி என்று கேட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்த்ததும் எழுந்து போய் அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்தார்.

அந்த வாரம் முழுக்கக் காஜா கோணிக்கொண்டே போனது. கடைக்காரர் ஒரு சட்டையைத் தூக்கிக் காட்டி, பொத்தான் ஒரு பக்கமும் ஓட்டை ஒரு பக்கமும் போகிறதே, என்ன கவனத்தில் இருக்கிறாய் என்றார். அவள் மனதில் கால்கள் வந்துகொண்டிருந்தன. வெடித்த குதிகால், கோணல் சுண்டுவிரல், மஞ்சள் பூத்த நகம், எல்லாம் ஞாபகம் இருந்தது. எந்தக் காலுக்கு எந்த முகம் என்று யோசித்தால் பாதிக்கு மேல் வரவில்லை. அவர்கள் வாயைத் திறந்தபோதெல்லாம் அவள் விட்டத்தைத்தானே காட்டினாள்? புழுங்கிச் சாக வேண்டியதுதான் என்று கண்டக்டர் சொன்னது வேடிக்கையே இல்லை என்பது இப்போது உறைத்தது. ஊசியை நிறுத்திவிட்டு, யாரும் பார்க்காவிட்டாலும் முகத்தைத் தோளில் மறைத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். போகாவிட்டால் அதுவும் தன்னைப் பற்றிய கவலையாகவே இருக்கும் என்று தோன்றியது. வார்டு வாசலிலேயே நர்ஸ் பிடித்துக்கொண்டாள். விரல் வீங்கிவிட்டது, அவர் யாரையும் தொட விடவில்லை, இன்று ஓரத்தை எடுக்காவிட்டால் நாளைக்கு டாக்டர் நகத்தையே பிடுங்கப் போகிறார் என்றாள். "நீங்களே ஒரு தடவ கேட்டுப் பாருங்கக்கா. உங்க மேலதான் கோவம், அதனால உங்களுக்குத்தான் மசிவார்."

அவள் மூலைக்குப் போய், பேசினைத் தரையில் வைத்தாள். வரும் வழியெல்லாம் கோத்து வைத்திருந்த வார்த்தைகளை விட்டுவிட்டாள்.

"எனக்கு வெக்கமா இருக்குண்ணே," என்றாள்.

"எனக்கும்தான்," என்றார். போர்வைக்குள்ளிருந்து கால் மெல்ல வெளியே வந்தது.

நன்றாக ஊற விட்டாள். நகத்தின் ஓரத்தைப் பஞ்சால் நெம்பி, சதையிலிருந்து நூல் நூலாகப் பிரித்தாள். வலித்தபோது அவர் யாரையோ திட்டினார். யாரை என்று அவள் கேட்டாள். அந்த மச்சானைத்தான் என்றார். பாதி வழியில் இறக்கிவிட்ட அன்று நல்ல மழை, அதற்கப்புறம் அவன் இவர் வீட்டு வாசலை மிதிக்கவே இல்லை என்று சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே கடைசித் துண்டை எடுத்தாள். விரலிடுக்கைத் துடைத்து, நர்ஸ் கொடுத்திருந்த மருந்தைப் போட்டாள். "நல்லா இரும்மா" என்று அவர் சொன்னபோது நகவெட்டி அவள் மடியிலேயே கிடந்தது. தலையை ஆட்டினாள்.

எழப் பார்த்தாள். இரண்டு காலும் மரத்துப் போயிருந்தன. கட்டிலின் இரும்புக் கம்பி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் அதைப் பிடிக்காமல், ஈரத்தைத் துண்டில் துடைத்துவிட்டு, கையை அவரிடம் நீட்டினாள். அவர் தன் நல்ல கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்; உள்ளங்கையைப் போர்வையில் தேய்த்து, அவள் மணிக்கட்டை இறுகப் பற்றினார். அவள் தன் கனம் முழுவதையும் அந்தக் கையில் விட்டாள்.