வயர் சொருக இடமில்லாத கிட்டார்

கொடைக்கானல் ஓட்டலில் கிட்டார் வாசிப்பது என்றால் பாதி நேரம் வாசிப்பு, பாதி நேரம் சுருதி சேர்ப்பு. பனி இறங்கினால் கம்பியின் சுருதி ஏறிவிடும். பழைய கிட்டாரைக் கட்டிக்கொண்டு மாரடிக்கும் சக பாவிகளுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை.

மேனேஜர் பார்த்த குறை

என்னுடையது அந்தக் காலத்து ஆர்ச்டாப். முன்பலகை தொப்பை போட்டிருக்கும். நடுவில் வட்ட ஓட்டை கிடையாது, வயலினுக்கு இருப்பதுபோல இரண்டு பக்கமும் வளைந்த கீறல்கள். அதன் அழகில் மயங்கி வாங்கியவன் நான். புதிதாக வந்த மேனேஜர் பிரபு மயங்கவில்லை. டைனிங் ஹாலின் கடைசி மேஜையில் உட்கார்ந்து நான் வாசித்ததைக் கேட்டார். கேட்க முயன்றார் என்பதுதான் சரி. பிறகு கிட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல வயர் சொருவ எடமே இல்லையேங்க! சனிக்கிழமை ஸ்பீக்கர் வச்சு வாசிக்கிறவர் ஒருத்தரையும் வரச் சொல்லியிருக்கேன். கெஸ்ட் யாரைக் கேக்குறாங்களோ அவருக்குத்தான் இனி வேலை."

ஸ்டெல்லா அக்காவின் உதவி

சனிக்கிழமைக்காகப் புதுக் கம்பி மாட்டலாம் என்று பழையதைக் கழற்றி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். கம்பிகளைத் தாங்கும் மரக்கட்டையை ஆர்ச்டாப்பில் ஒட்டுவதில்லை. கம்பியின் அழுத்தத்தில்தான் அது நிற்கும். கம்பி இல்லையென்றால் தனியாக வந்துவிடும். இது ரூம் சுத்தம் செய்யும் ஸ்டெல்லா அக்காவுக்குத் தெரிய நியாயமில்லை. கட்டை உடைந்துவிட்டது என்று நினைத்து, தச்சர் விட்டுப்போன பசையைத் தாராளமாகப் பூசி, கண்ட இடத்தில் ஒட்டிவிட்டார்.

இடம் மாறினால் ஒரு சுரமும் சேராது. கத்தியை விட்டு நெம்பினேன். பலகை தப்பியது, கட்டை இரண்டாகப் பிளந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அக்காவோ இன்னும் பெருமை குறையாமல் நின்றார்.

"பாத்தீங்களா சார், எம்புட்டுக் கெட்டியா ஒட்டியிருக்கேன்னு!"

கூக்கால் காவல்காரன்

இந்த மலையில் அதே மாடல் இன்னொன்று இருப்பது கூக்காலில், பூண்டு விவசாயி முருகேசன் வீட்டில். ஊரைவிட்டுப் போன வெள்ளைக்காரக் குடும்பம் அவர் அப்பாவுக்குக் கொடுத்தது. வெள்ளனே கிளம்பும் பஸ்ஸைப் பிடித்துப் போனேன். பூண்டு மூட்டைகளுக்கு நடுவே, கம்பி முறுக்கேறி, கிட்டார் படுத்திருந்தது. வாசிப்பீர்களா என்றேன். தெரியாது என்றார். அப்படியானால் கட்டையை இரவல் கொடுப்பதில் என்ன கஷ்டம் என்றேன். மூட்டைகளை ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கழற்றிக் கொடுத்தார்.

"எலி மேல ஏறுனா டொய்ங்னு சத்தம் குடுக்கும்ங்க, நான் முழிச்சுக்குவேன். சோலி முடிஞ்சதும் வெரசா கொண்டாந்துருங்க, மூட்டையெல்லாம் காவலில்லாம கெடக்கு."

சனிக்கிழமை

ஹால் நிறைய மதுரைக்காரர்கள். கல்யாணம் பேசி முடிக்க இரண்டு வீட்டாரும் வந்திருந்தார்கள். முதலில் ஸ்பீக்கர்காரர் வாசித்தார். தட்டுகள் அதிர்ந்தன. அடுத்து நான். கட்டையிலிருந்து பூண்டு வாசனை அடித்துக்கொண்டிருந்தது. இந்த வேலை போனால் அடுத்த சீசன்வரை வீட்டில்தான் உட்கார வேண்டும். ஒருவர்கூட என் பக்கம் திரும்பவில்லை. எல்லோரும் பேசினார்கள், சிரித்தார்கள், இன்னும் இரண்டு தோசை கேட்டார்கள்.

சரி, முடிந்தது என்று உறையை எடுத்தபோது பெண்ணின் அப்பா மேனேஜரிடம் போனார்.

"நாளைக்கும் இவரையே போடுங்க. முதல்ல வாசிச்சவர் இருந்தவரைக்கும் சம்பந்தி பேசுனது ஒண்ணுமே வெளங்கலைங்க. இவர் வாசிக்கிறதே தெரியலை, அம்புட்டு நல்லா வாசிக்கிறாரு!"

ஊரே கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கிட்டார் பழகியவனுக்கு, யாருக்கும் கேட்காததால் வேலை தங்கியது.